முதியோர் மருத்துவம்: ஒரு தொடக்கம்

முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1935இல், லண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மார்ஜரி வாரன், அருகிலிருந்த பழைய ஏழையர் விடுதியின் நோயாளிகள் 714 பேரின் பொறுப்பை ஏற்றார். அவர்களுள் மிகுதியானோர் முதியோர். தீராத நோயர் என்று ஒதுக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் சோதித்து, நோய்க்கேற்ப வகை பிரித்தார். எழுந்து நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். மருத்துவரின் கவனம் கிட்டாமையே அவர்களை முடக்கியிருந்தது.

முதியோர் பிரிவு பொது மருத்துவமனைக்குள்ளேயே அமையவேண்டும், மருத்துவ மாணவர் அங்குப் பயிலவேண்டும் என்று 1943இல் அவர் எழுதினார். பயிற்சிக் காலத்தில் காணாத நோயாளியிடம் பின்னாளில் ஆர்வம் பிறப்பது அரிது என்பதை நாமும் அறிவோம்.

நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கான புறநோயாளர் பிரிவு 1978இல் தொடங்கிற்று, பேராசிரியர் வ.செ. நடராசன் அதன் முன்னோடி. சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான எம்.டி. படிப்பு வந்ததோ 1996இல்தான். அதுவே இந்தியாவில் முதலாவது. நோயாளிகள் வந்து சேர்ந்த பின்னரும், அவர்களுக்கென்றே படித்த மருத்துவர் உருவாகப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். இன்றைய மாணவரை அப்படுக்கைகளின் அருகே அழைத்துச் செல்வதே அக்காத்திருப்பைக் குறைக்கும் வழி.