பயண முகவர்: தொழிலின் தொடக்க நிலை

பயண முகவர் என்பவர் விமானம், இரயில், தங்கும் விடுதி ஆகியவற்றில் பயணிக்காக இடம் பதிவு செய்து, விசா விண்ணப்பம் முதலிய பணிகளையும் மேற்கொள்ளும் இடைநிலை வணிகர் ஆவார். 1841இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தாமஸ் குக் நடத்திய இரயில் பயணம் இத்தொழிலின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் அங்கீகாரத்துக்கு நிதிப் பிணை தேவைப்படுவதால், இந்தியாவில் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பெரிய முகவரிடம் பயணச்சீட்டு வாங்கி விற்கும் துணை முகவராகவே தொழிலில் இறங்குகின்றனர். விமான நிறுவனங்கள் வழங்கிவந்த தரகு பெருமளவு குறைந்துவிட்டமையால், சேவைக் கட்டணமும் சுற்றுலாத் தொகுப்புகளின் இலாபமுமே முதன்மை வருவாயாகின்றன. தெரிந்தவர்களுக்குக் கடனில் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைவதே முதலாண்டில் முதலை முடக்கும் பெரும் இடர்.

தமிழ்ப் பெயர்களின் பதிவு தனிக் கவனத்துக்குரியது. 'கு. செல்வி' என வழங்கும் ஒருவரின் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து தந்தை பெயராக விரிந்து குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கலாம், அல்லது அக்கட்டம் வெறுமையாகவும் விடப்பட்டிருக்கலாம். பயணச்சீட்டிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் அமைய வேண்டும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க இயலாது என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, இக்கட்டத்தின் முக்கியத்துவம் வெளிப்படையாயிற்று. பல நாடுகள் கடவுச்சீட்டு மேலும் 6 மாதங்களேனும் செல்லுபடியாக வேண்டும் என எதிர்பார்ப்பதால், காலாவதித் தேதியையும் பணம் பெறுமுன் பார்த்துவிட வேண்டும்.