புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கொள்முதல் கடமை

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கொள்முதல் கடமை என்பது, மின்சாரத்தைப் பகிர்மானம் செய்வோர் அல்லது பெருமளவில் பயன்படுத்துவோர், தமது மொத்த மின்நுகர்வில் குறிப்பிட்ட விழுக்காட்டைக் காற்று, சூரிய ஒளி, உயிர்த்திரள் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும் என விதிக்கும் சட்டக் கட்டாயம் ஆகும். இக்கடமையை யார் மீது சுமத்துவது, அதன் செலவை யார் ஏற்பது என்பவை இந்தியாவில் நீண்டகாலமாக விவாதிக்கப்படுகின்றன. 2012–2014 காலப்பகுதியில் தமிழ்நாட்டில் எழுந்த சூரிய மின்சாரக் கொள்முதல் வழக்கு இவ்விவாதத்தில் குறிப்பிடத்தக்கது.

சட்டப் பின்னணி

மின்சாரச் சட்டம், 2003இன் 86ஆவது பிரிவு, இவ்விழுக்காட்டை வரையறுக்கும் பொறுப்பை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களிடம் அளித்தது. இயற்கை வளம் குறைந்த மாநிலங்களும் கடமையை நிறைவேற்றும் பொருட்டு, 2010இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் முறை கொண்டுவரப்பட்டது. ஒரு சான்றிதழ் ஒரு மெகாவாட்-மணி, அதாவது 1,000 அலகு மின்சாரத்தைக் குறிக்கும்.

இதற்கு முன்னரே டெக்சசு மாநிலம் (1999), ஐக்கிய இராச்சியம் (2002) ஆகியவை இத்தகைய கட்டாயங்களை விதித்திருந்தன. அவ்விரு இடங்களிலும் கடமை மின்வழங்கல் நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது; நுகர்வோருக்கு அன்று.

தமிழ்நாட்டு வழக்கு

தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை 2012 அக்டோபரில் வெளியிடப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், தடையற்ற மின்சாரம் உறுதியளிக்கப்பட்ட தொழிலகங்கள், தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளிட்ட பெரும் நுகர்வோர், 2013 இறுதிவரை 3 விழுக்காடும் 2014 சனவரி முதல் 6 விழுக்காடும் சூரிய மின்சாரம் பயன்படுத்த வேண்டும் என அது கூறியது. 2013 மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான ஆணையைப் பிறப்பித்தது.

அக்காலத்தில் மாநிலத்தில் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. உயரழுத்த நுகர்வோர் மீதான மின்கட்டுப்பாடுகள் 2008இல் தொடங்கி 2015 வரை பல்வேறு அளவுகளில் நீடித்தன. பகிர்மான நிறுவனத்திற்கு ஏற்கெனவே கடமை இருக்கையில், அதனிடம் மின்சாரம் வாங்குவோர் மீதும் தனிக் கடமை சுமத்தலாகாது என்பது தொழில்துறையினரின் வாதமாக இருந்தது. தமிழ்நாடு மின் நுகர்வோர் சங்கம் மேல்முறையீடு செய்தது. மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014 சனவரியில் அவ்வாணையை நீக்கியது.

எனினும், சொந்த மின்னிலையம் வைத்திருப்போரும் திறந்த அணுகல் வழியாக வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவோரும் இக்கடமைக்கு உட்பட்டவர்களே என, இந்துசுதான் சிங்க் நிறுவனத்தின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் தீர்ப்பளித்தது.

ஆதரவு வாதங்கள்

* உறுதியான தேவை இருந்தால்தான் முதலீடு வரும். உற்பத்தி பெருகினால் விலை குறையும். தமிழ்நாட்டில் 2013இல் அலகுக்கு 6.48 ரூபாயாக (ஆண்டுதோறும் 5% உயர்வுடன்) இருந்த சூரிய மின்சார ஏல விலை, 2017இல் 3.47 ரூபாயானது.
* நிலக்கரி மின்சாரத்தால் ஏற்படும் மாசின் விலை மின்கட்டணத்தில் முழுமையாகச் சேர்வதில்லை. அக்குறையைக் கட்டாயம் ஓரளவு ஈடுசெய்கிறது.

எதிர்ப்பு வாதங்கள்

* விலை வீழ்ச்சிக்கு உலகச் சந்தையே முதன்மைக் காரணம் என்றும், முன்கூட்டியே வாங்கச் செய்யும் கட்டாயம் நுகர்வோரை உயர்ந்த விலையில் பிணைக்கிறது என்றும் கூறப்படுகிறது. சூரிய ஆற்றல் சான்றிதழின் தரை விலை தொடக்கத்தில் 12,000 ரூபாயாக இருந்து, 2017இல் 1,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.
* தமிழ்நாட்டின் காற்று மின்சாரம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையே கிடைக்கிறது. ஆண்டுக் கணக்கில் விழுக்காடு நிறைவேறினாலும், மற்ற மாதங்களின் தேவைக்கு அனல் மின்னிலையங்களைத் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டியுள்ளது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், சேரப்பணஞ்சேரி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தொழிற்பகுதியில், அரசாணையை விட ஏற்றுமதிச் சந்தையும் நிறுவனக் கொள்கைகளுமே பின்னர் வலுவான உந்துதலாயின. ஆப்பிள் நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்குள் தன் வழங்கல் சங்கிலி முழுவதையும் கரிமச் சமநிலைக்குக் கொண்டுவருவதாக 2020இல் அறிவித்தது. அதன் கைபேசிகளைப் பொருத்தும் பாக்சுகான் ஆலை திருப்பெரும்புதூரில் உள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்துள்ள ஊண்டாய் நிறுவனம், 75 மெகாவாட் சூரிய, 43 மெகாவாட் காற்று மின்னிலையங்களில் பங்கு கொள்ள 2024இல் ஒப்பந்தம் செய்தது.

இத்தகைய கூட்டுச் சொந்தப் பயன்பாட்டு முறையில், பயன்படுத்துவோர் 26% பங்குரிமை பெற்று, உற்பத்தியில் 51% நுகர வேண்டும் என்பது மின்சார விதிகள், 2005இன் நிபந்தனை. இம்முறைக்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது. வீடுகளுக்கான சலுகைக் கட்டணத்தைத் தாங்குவதில் உயரழுத்தத் தொழிலகங்கள் செலுத்தும் கூடுதல் கட்டணத்திற்கும் பங்கு உண்டு. எனவே, பெரிய ஆலைகள் விலகும்போது எஞ்சிய சுமை பகிர்மான நிறுவனத்தையும் சிறு தொழில்களையும் சேர்கிறது என்பது விமர்சகர்களின் கருத்தாகும்.

பிந்தைய மாற்றங்கள்

ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம், 2022, புதைபடிவமல்லாத ஆற்றலின் குறைந்தபட்சப் பயன்பாட்டை விதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. 2023 அக்டோபர் அறிவிக்கை, பகிர்மான நிறுவனங்களுடன் திறந்த அணுகல் நுகர்வோரையும் சொந்தப் பயன்பாட்டு நுகர்வோரையும் உள்ளடக்கி, 2024–25இல் 29.91% என்றும் 2029–30இல் 43.33% என்றும் இலக்கு வகுத்தது.

இவற்றையும் பார்க்க

* காற்றுத் திறன்
* சூரிய ஆற்றல்
* தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்