திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளில் உள்ளூர் வரலாற்று, பண்பாட்டு விழாக்கள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு, வட்டாரத்தின் வரலாற்றையும் அங்கு வாழும் பல சமூகத்தாரின் பண்பாட்டையும் முன்னிறுத்தும் பொது நிகழ்ச்சிகள் பாடத்திட்டத்துக்கு இணையான கல்வியாக விளங்குகின்றன. சமத்துவப் பொங்கல், சர்வ சமயப் பிரார்த்தனை, நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி, பாரம்பரிய வாரக் கண்காட்சி, கிராம முகாமின் நிறைவு விழா ஆகியவை இவற்றுள் அடங்கும். கல்லூரியும் ஊரும் சேர்ந்து நடத்தும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு இந்த வட்டாரத்தில் வலுவான அடித்தளம் இட்டது, சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் ஆகும்.

வட்டாரப் பின்னணி

மதுரை, திருச்சி, கரூர், பழனிச் சாலைகள் கூடும் இடம் திண்டுக்கல். மதுரை நாயக்கர் ஆட்சியில், 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் இங்கே மலைக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கு பொறுப்பேற்றார். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்த வத்தலக்குண்டும் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது.

வட்டாரத்தின் தொன்மைக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. பழனி அருகே பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் நெல்மணிகள் நிரம்பிய கலமும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறிப்பும் கிடைத்தன. நெல்லின் காலம் சுமார் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது.

ஆட்சிகள் மாறமாறப் பல திசை மக்களும் இங்கே வேர்விட்டனர். தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது ஆகியவையும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. கோட்டை மாரியம்மன் கோயிலும் பேகம்பூர் பள்ளிவாசலும் புனித வளனார் பேராலயமும் ஒரே நகரில் உள்ளன. இம்மக்களின் பிள்ளைகள் கல்லூரியில் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வீட்டு வழக்கத்தை அறிந்துகொள்ள, கல்லூரி விழாதான் பலருக்கு முதல் வாய்ப்பு.

காந்திகிராம மரபு

1946இன் தொடக்கத்தில் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் சென்ற காந்தியடிகளைக் காண அம்பாத்துறை நிலையத்தில் மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டு, 1947 அக்டோபரில், மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் அந்த நிலையத்தை அடுத்துக் காந்திகிராமத்தைத் தொடங்கினர். சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தவர். அதன்பின் மருத்துவம் படித்து, 1940இல் இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இராமச்சந்திரன் கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் பிறந்து, தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். வேறு வேறு சாதியிலும் மொழியிலும் பிறந்த இருவர் சேர்ந்து நட்ட நிறுவனம் என்பதால், பன்மையைப் போற்றுவது அதற்குத் தொடக்கத்திலேயே இயல்பாக அமைந்தது. அமெரிக்கரான ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான், பூதான (நிலக்கொடை) இயக்கத்தினரான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஆகியோரும் காந்திகிராமத்தோடு நெருங்கி உழைத்தனர்.

1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் உருவானது; 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சிறுமலை அடிவாரத்தில் அது நிற்கும் நிலம் சின்னாளபட்டி மக்கள் கொடையாக அளித்தது. ஊர் தந்த மண்ணில் நடக்கும் கல்வி ஊருக்குக் கடமைப்பட்டது என்ற எண்ணம் இங்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அமைதிப் பணிக்கு மாணவரைப் பழக்கும் சாந்தி சேனை, கிராமத்தில் தங்கிப் பயிலும் திட்டம், நூல் நூற்றல், எல்லா மதப் பாடல்களும் இடம்பெறும் கூட்டுப் பிரார்த்தனை ஆகியவை இதன் வெளிப்பாடுகள்.

2022 நவம்பர் 11 அன்று நடந்த 36ஆவது பட்டமளிப்பு விழாவில் இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் மிருதங்க வித்துவான் உமையாள்புரம் சிவராமனுக்கும் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இசையும் காவிரிக்கரையின் கச்சேரி மரபும் ஒரே மேடையில் சிறப்புப் பெற்ற நாள் அது.

நிகழ்ச்சி வகைகள்

*கிராம முகாம்.* காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று பெரும்பாலான கல்லூரிகளில் இயங்குகிறது. ஏழு நாள் சிறப்பு முகாமின் கடைசி மாலையில் ஊர்மக்களும் மாணவர்களும் சேர்ந்து கலை நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். கிராமத் தங்கலின்போது கையாளப்படும் ஒரு முறை உள்ளூர் வரலாற்றுக்கு மிகவும் பயன்படுகிறது. மந்தையில் அல்லது பள்ளி முற்றத்தில் கோலப்பொடியால் ஊரின் படத்தை மக்களே தரையில் வரைகிறார்கள். கண்மாய், களம், சாவடி, கோயில், காலனி என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஏறுகிறது. அதன்பின் முதியவர்களைக் கேட்டுக் காலக்கோடு போடுகிறார்கள். ஊருக்கு மின்சாரம் எப்போது வந்தது, பொதுக்கிணறு எப்போது தோண்டப்பட்டது, எந்தப் பஞ்சத்தில் மாடுகளை விற்றார்கள், காலனிக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது கிடைத்தது என்று விவரங்கள் வரிசையாகின்றன. ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார். பெண்கள் நினைவில் வைத்திருப்பது வேறாக இருக்கும். அரசு ஆவணத்தில் காணக் கிடைக்காத வரலாறு இப்படித்தான் மாணவர் கைக்கு வருகிறது.

*சமத்துவப் பொங்கல்.* மார்கழி இறுதியில், விடுமுறைக்கு முன், வளாகத்தில் துறைதோறும் அடுப்புக் கூட்டிப் பானை வைப்பார்கள். சாதி, மதம் பாராமல் எல்லாரும் பொங்கலிட்டு, ஒரே பந்தியில் உண்பதே இதன் உயிர். சேர்ந்து உண்பதற்கே தடை இருந்த நாட்டில் இது சிறிய செயல் அல்ல.

*பாரம்பரிய நாட்கள்.* ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், ஜூலை 18 தமிழ்நாடு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் ஆகியவை கண்காட்சிகளுக்கும் மலைக்கோட்டைப் பயணங்களுக்கும் தருணமாகின்றன. நகரில் 1960களில் தோன்றிய ஜி.டி.என். கலைக் கல்லூரி, எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவற்றின் மாணவருக்குக் கோட்டை எட்டும் தூரத்தில் இருக்கும் பாடம். தமிழக அரசின் ‘மாபெரும் தமிழ்க் கனவு’ சொற்பொழிவு நிகழ்ச்சியும் கல்லூரி மாணவரிடம் தமிழ்ப் பண்பாட்டைக் கொண்டுசெல்ல அமைந்தது.

கலைகளும் கைத்தொழில்களும்

இவ்வட்டாரக் கலைகளுள் ஒன்றான, கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. உருமியின் உறுமலுக்கு ஏற்ப, கையில் துணி பிடித்து, அடவு மாற்றி மாற்றி ஆடுவார்கள்.

பறைக்கு இந்த வட்டாரத்தில் தனிச் சிறப்பு உண்டு. திண்டுக்கல்லைத் தளமாகக் கொண்ட சக்தி நாட்டுப்புறப் பண்பாட்டு மையம் தலித் இளம்பெண்களுக்குப் பறையும் ஆட்டமும் கற்பித்து மேடையேற்றியது. இசையியல் ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். வாசிக்கும் முன் பறையைத் தீயில் காட்டுவார்கள். தோல் விறைத்தால்தான் ஒலி தெறிக்கும். நீண்ட மெல்லிய குச்சி ஒரு கையிலும், குட்டையான தடித்த குச்சி மறுகையிலும் இருக்கும். சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்ட கருவியைப் பெண்கள் பொதுமேடையில் தலைநிமிர்ந்து முழக்கும்போது, ஓர் இழிவு உடைபடுகிறது.

கைத்தொழில்களும் கண்காட்சிக்கு உரியவை. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய்ப் பூட்டு அதன் புகழ்பெற்ற வகை. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையும் சௌராஷ்டிர நெசவும் அவ்வாறே காட்சிக்கு வைக்கத் தக்கவை. செய்பவரே எதிரில் அமர்ந்து செய்து காட்டினால்தான் அந்த நுட்பம் மாணவருக்கு முழுமையாகப் புரியும்.

முக்கியத்துவமும் சவால்களும்

இவ்விழாக்கள் ஆடை அணிவகுப்பாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. கரகமும் காவடியும் விருந்தினர் வரவேற்புக்கு மட்டும் அழைக்கப்பட்டால், கலைஞர் வாசலோடு நின்றுவிடுகிறார். அவர் பெயர் அழைப்பிதழில் இடம்பெற வேண்டும். உரிய சன்மானமும் பேசுவதற்கு நேரமும் தரப்பட வேண்டும். ஊர்க் கூட்டங்களில் திரட்டிய காலக்கோடுகளும் குரல்பதிவுகளும் கல்லூரி நூலகத்தில் சேர்க்கப்பட்டு, ஒரு படி அந்தந்த ஊருக்கே திரும்பக் கிடைக்க வேண்டும். வரலாற்றைச் சொன்னவர்களுக்கே அது உரிமையானது. நிலம் தந்த சின்னாளபட்டிக்கும், மாணவரைத் தங்கவைத்துச் சோறிட்ட கிராமங்களுக்கும் கல்லூரிகள் செலுத்தக்கூடிய சரியான கைம்மாறு, அவர்களின் கதையை அவர்கள் பெயரோடு காத்து வைப்பதே.