ஒரே ஒப்பந்தம், இரண்டு கணக்கு: ஷாக்கின் 100 மில்லியன்

2005 ஓகஸ்டில் மியாமி ஹீட் அணி ஷக்கீல் ஓ'நீலோடு 5 வருட ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. தொகை 100 மில்லியன் டொலர். அப்ப அவருக்கு வயது 33. அந்த ஒப்பந்தம் முடிந்த 2010 ஓகஸ்டில் பொஸ்டன் செல்டிக்ஸ் அவரை எடுத்தது மூத்த வீரர்களுக்கான ஆகக் குறைந்த சம்பளத்துக்கு. ஒரு பருவத்துக்கு ஒன்றரை மில்லியன்கூட இல்லை. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வைத்துவிட்டு "மியாமி ஏமாந்து போச்சு" எண்டு சொல்றது லேசு. நாங்கள் அப்படி நினைக்கேல்ல.

முதலில், ஒரு வீரர் இப்படிப் பேரம் பேசுறதே ஒரு காலத்தில நடக்காத காரியம். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மீதான உரிமை பழைய அணியிடமே இருந்தது. வீரர் சங்கத் தலைவராக இருந்த ஒஸ்கார் றொபர்ட்சன் 1970இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் ஓய்வு பெற்றது 1974இல், வழக்கு சமரசத்தில் முடிந்தது 1976இல். வெற்றியை அனுபவித்தது அவருக்குப் பின்னால வந்தவர்கள்தான். 1988இல் கட்டுப்பாடு இல்லாத ஃப்ரீ ஏஜென்ட் முறையும் வந்தது. 1996இல் 24 வயது ஷாக் ஓர்லாண்டோவை விட்டு லேக்கர்ஸுக்குப் போனபோது கிடைத்த 7 வருட, 120 மில்லியன் ஒப்பந்தம் அந்தப் போராட்டத்தின் பலன்.

வயது போன சென்டர் ஒருவருக்கு விலை போடுறது ஏன் கஷ்டம்? உயரம் வயதோடு குறையாது. 216 சென்ரிமீற்றர் மனிதர் கூடைக்குக் கீழே நின்றால் 35 வயதிலும் புள்ளி வரும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமக்கிற காலும் முழங்காலும் தேயும். அதனால் முதலில் குறைவது புள்ளி இல்லை, ஆடுகிற ஆட்டங்களின் எண்ணிக்கை. 2004–05இல் ஷாக் 73 ஆட்டம், சராசரி 22.9 புள்ளி. அடுத்த பருவம் 59 ஆட்டம், 20.0 புள்ளி. அதற்கடுத்தது வெறும் 40 ஆட்டம், 17.3 புள்ளி.

இந்த ஆபத்து மியாமிக்குத் தெரியாததில்லை. அவர்களின் கணக்கு வேறு. 2003இல் தெரிவான டுவைன் வேட் அப்போதும் புதுமுக ஒப்பந்தத்தில், நட்சத்திர ஆட்டத்தைக் குறைந்த சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய சம்பளம் 2007இல்தான் தொடங்க இருந்தது. ஆக, இரண்டு நட்சத்திரங்களை ஒரே அணியில் மலிவாக வைத்திருக்க இரண்டே பருவம். ஷாக்கும் பழைய ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் வரவிருந்த சுமார் 30 மில்லியனை விட்டுவிட்டு, வருடம் 20 மில்லியனுக்கு இறங்கினார். அந்தப் பருவத்தில் ஒரு அணிக்கான சம்பள வரம்பு 49.5 மில்லியன். சில விலக்குகளோடு அதைத் தாண்டலாம் என்றாலும், ஐந்தில் இரண்டு பங்கு ஒரே ஆளுக்கு! ஆனாலும் அந்தக் கோடையில் அன்ரொயின் வோக்கர், ஜேசன் வில்லியம்ஸ், ஜேம்ஸ் போசி, கரி பேட்டன் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். 2006 இறுதிப் போட்டியில் டலஸிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்று, பிறகு நான்கையும் வென்று, மியாமி தன் முதலாவது சம்பியன் பட்டத்தை எடுத்தது.

விலையும் கட்டினார்கள். 2007இல் முதல் சுற்றிலேயே சிக்காகோவிடம் நான்குக்குப் பூச்சியம். அடுத்த பருவத்தில் 15 வெற்றி, 67 தோல்வி.

2008 பெப்ரவரியில் இதே ஒப்பந்தத்தை ஃபீனிக்ஸ் சன்ஸ் வாங்கியது. கொடுத்தது 29 வயது ஷோன் மரியனையும் மார்க்கஸ் பேங்ஸையும். எங்கட பார்வையில பிழையான கணக்கு இதுதான். வேகமாக ஓடி ஆடுவதே அந்த அணியின் பலம், ஷாக் ஓடக்கூடியவர் இல்லை. ஸ்டீவ் நாஷுக்கும் 34 ஆகிவிட்டது. பின்னால வளர்ந்து வர ஒரு வேட் அங்க இல்லை. ஷாக் அங்கே மோசமாக ஆடவும் இல்லை. 2008–09இல் 75 ஆட்டம், சராசரி 17.8 புள்ளி. அப்படியிருந்தும் சன்ஸ் அவரோடு ஒரு பிளேஓஃப் சுற்றைக்கூட வெல்லவில்லை. 2009இல் செலவைக் குறைக்க அவரைக் கிளீவ்லாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2001இல் ஹக்கீம் ஒலாஜுவானின் கதையும் இதற்கு உதவும். 38 வயதில் ஹூஸ்டன் கொடுத்த 13 மில்லியனை மறுத்து, டொரொன்டோவுக்கு 3 வருட, 18 மில்லியன் ஒப்பந்தத்தில் போனார். அங்கே வின்ஸ் கார்ட்டர் இருந்தார், அணியும் முந்தைய பருவம் கிழக்குப் பிரிவு இறுதிக்கு ஒரு ஆட்டம் குறைவாக நின்றது. மியாமியின் கணக்கோடு பார்த்தால் இதுவும் நியாயமான பந்தயம்தான். ஆனால் கார்ட்டர் காயப்பட்டார். ஹக்கீம் 61 ஆட்டத்தில் சராசரி 7.1 புள்ளியோடு முடித்து, முதுகுக் காயத்தால் 2002இல் விலகினார்.

ஆகவே, "இந்த வயதில இவருக்கு இவ்வளவு காசா?" என்ற கேள்வி மட்டும் போதாது. அவரோடு யார் ஆடுகிறார்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், இந்தச் சேர்க்கை எத்தனை பருவம் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேணும். மியாமி கேட்டது, ஃபீனிக்ஸ் கேட்கேல்ல. பொஸ்டனில் ஷாக் ஆடியது 37 ஆட்டம்தான். 2011 ஜூனில் ஓய்வை அறிவித்தார். அதை ஒருத்தரும் நட்டம் எண்டு சொல்லேல்ல, ஏன் எண்டால் அங்க பந்தயமே சின்னது.