குடல் பைகளும் டாக்டரின் கத்தியும்

வயிற்றைக் கீற வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நம் வீடுகளில் யாருக்கும் சோறு இறங்காது. கீறுவதா, வேண்டாமா என்று டாக்டர்களையே நூறாண்டுகளுக்கு மேல் அலைக்கழித்த ஒரு நோயைப் பற்றி இன்று பார்ப்போம். டைவர்டிகுலைட்டிஸ் என்பது அதன் பெயர்.

பழைய சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் டியூப் புடைத்துக்கொண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பெருங்குடலிலும் இப்படித்தான் நேர்கிறது. இரத்தக் குழாய்கள் குடற்சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள் பலம் குறைந்தவை. அங்கே உட்சவ்வு சின்னஞ்சிறு பைகளாகப் பிதுங்குகிறது. பை இருப்பதனாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். வயதானவர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. பை அழன்று வீங்கினால்தான் வலியும் காய்ச்சலும். வெடித்து மலம் வயிற்றறைக்குள் கொட்டினாலோ, உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவில் வில்லியம் மேயோவும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோய்க்குக் குடலை வெட்டிச் சிகிச்சை செய்ததை 1907-இல் எழுதி வெளியிட்டார்கள். அப்போது பென்சிலின் கிடையாது. வெட்டிய குடலை உடனே சேர்த்துத் தைத்தால் தையல் விட்டுப்போகும் என்ற பயம் இருந்தது. ஆகவே ஒரே நோய்க்கு மூன்று அறுவைகள் செய்தார்கள். முதலில் குடலை வயிற்றின் மேல்புறம் கொண்டுவந்து, மலம் அவ்வழியே போகச் செய்வார்கள். சில மாதங்கள் கழித்துக் கெட்ட பகுதியை வெட்டுவார்கள். பிறகுதான் வாயை மூடுவார்கள். மூன்றாம் தடவைக்குப் போகாமல், வயிற்றில் அந்த வாயோடேயே காலம் தள்ளியவர்களும் உண்டு. பாரிஸ் மருத்துவர் ஹார்ட்மன் 1921-இல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை பின்னாளில் இதற்கும் வந்தது. மூன்று இரண்டாகக் குறைந்தது. 1990-களில் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையும் வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர்கள் அடித்த பல்டிதான் வேடிக்கை. பல ஆண்டுகளாக, நாரில்லாத மெதுவான உணவே நல்லது என்றார்கள். 1971-இல் பெயின்டர், பர்க்கிட் என்ற இருவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பர்க்கிட் உகாண்டாவில் வேலை செய்த மருத்துவர். நார் நிறைந்த கிழங்கும் தானியமும் உண்ட அங்குள்ள மக்களிடம் இந்நோய் அரிதாயிருந்ததைக் கண்டவர். நார் இல்லாத உணவே நோய்க்குக் காரணம் என்றார்கள் இருவரும். கொய்யா விதை, கச்சான் எல்லாம் பைக்குள் சிக்கும் என்ற பயமும் இருந்ததல்லவா? அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், கொட்டை வகைகளும் சோளமும் உண்டவர்களுக்கு நோய் கூடவில்லை.

கத்திக்கு வருவோம். இரண்டு முறை தாக்கினால் குடலை வெட்டிவிடு என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. நல்ல குடல்களும் இதனால் வெட்டப்பட்டன என்றே நாம் கருதுகிறோம். 2006-இல் அமெரிக்கக் குடல் அறுவை மருத்துவர்கள் எண்ணிக்கை பார்ப்பதைக் கைவிட்டு, நோயாளியைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்கள். சிறு சீழ்க்கட்டிக்கு மருந்தே போதும். பெரிதானால் ஸ்கேன் பார்த்து ஊசியால் வடிப்பதும் உண்டு. குடல் வெடித்து வயிறு முழுதும் சீழோ மலமோ பரவினால் அன்றும் இன்றும் அறுவைதான். அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் கேடு.

நம் வட்டாரத்திற்கு ஒரு தனிச் செய்தி உண்டு. மேல்நாட்டாருக்கு இப்பைகள் பெரும்பாலும் இடப்புறம் வரும்; ஆசிய மக்களுக்கு வலப்புறம் வருவது அதிகம். குடல்வால் இருப்பதும் அதே பக்கம். அதனால் குடல்வால் வலி என்று வயிற்றைத் திறந்த பிறகே பையைக் கண்ட டாக்டர்கள் எத்தனையோ பேர். இப்போது சி.டி. ஸ்கேன், திறப்பதற்கு முன்பே அதைக் காட்டிவிடுகிறது.