அவாவின் எல்லை

ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், தன்னதல்லாததைத் தன்னதென்று கொள்ளும். அக்கோடலின் முதிர்ச்சியே பேரவா. அதற்கு அளவு கொள்வோர்தம் தேவையன்று, ஆற்றலேயாம். கடலூர் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

1690-ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்குக் கொண்டனர். பீரங்கிக் குண்டு சென்று வீழும் எல்லைகாறும் உள்ள நிலமும் அவ்விலையுள் அடங்கிற்று. குண்டுகள் ஏவப்பட்டன, அவை வீழ்ந்த எல்லைக்குட்பட்ட ஊர்களும் கடலூர் நகரும் கம்பெனியார் வயமாயின. அவ்வூர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப் பெயர்பெற்றன. ஆண்டு உழுதுண்டு வாழ்ந்த குடிகளோ அவ்வுடன்படிக்கையில் ஒரு பக்கத்தாரல்லர்.

செயின்ட் டேவிட் எனப் பெயர்பெற்ற அக்கோட்டை 68 ஆண்டுகளே நிலைத்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றித் தகர்த்தார். ஒருவர் அவா மற்றவர் அவாவை வளர்த்தலின், தில்லைத் திருக்கோயிலும் அதற்குத் தப்பிற்றிலது. 1781-இல் ஐதர் அலியின் படை அதனை அரணாகக் கொண்டிருப்ப, ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்று மீண்டார். வழிபடுவோர்க்குரிய மதில்கள் போர் மதில்களாயின.

குண்டு ஓரிடத்து வீழ்ந்து நின்றது. அதனை ஏவிய அவா நின்றிலது. உடைமையெல்லாம் இறைவனதென்று உணருங்காறும் அது நில்லாதென்பதே சித்தாந்தத் துணிபு.