பெங்களூரின் சிறு பங்களாக்கள்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் (1918–1939) பெங்களூரில் பெருகிய, முன்தாழ்வாரமும் சுற்றிலும் சிறு தோட்டமும் கொண்ட தனிவீடுகள் இங்கே சிறு பங்களாக்கள் எனப்படுகின்றன. ரிச்மண்ட் டவுன், லாங்ஃபோர்டு டவுன், ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் முதலிய கண்டோன்மென்ட் பகுதிகளிலும், பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற மைசூர் ஆட்சிப் பகுதிகளிலும் இவை எழுந்தன. எந்தத் தலைவரும் பிறக்காத, பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் எவரும் வரையாத இவ்வீடுகளுக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு வீட்டையும் தனியே எடைபோட்டால் விடை கிடைப்பதில்லை. தெருவாகவும் பேட்டையாகவும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் மதிப்பு புலப்படுகிறது.

1809இல் ஆங்கிலேயர் படைத்தளமாக அமைத்த கண்டோன்மென்ட்டில் இருவகைக் குடியிருப்புகளே இருந்தன. அதிகாரிகளுக்குப் பெரிய காம்பவுண்டுகளின் நடுவே பங்களாக்கள்; மதராஸ் படையைத் தொடர்ந்து வந்த தமிழ் வணிகர், கைவினைஞர், கூலியாட்களுக்கு அல்சூர் முதலிய இடங்களில் நெருக்கமான தெருக்கள். மைசூர்ப் பகுதியிலும் பழைய பேட்டை நெரிசலாகவே இருந்தது. 1898இல் பரவிய பிளேக் இந்த ஏற்பாட்டை உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளே நோய்க்கு இடம் கொடுத்தன என்று கருதிய மைசூர் அரசு பசவனகுடியையும் மல்லேஸ்வரத்தையும் உருவாக்கியது. கண்டோன்மென்ட்டின் பதில், 1910 வாக்கில் குடியேற்றத்துக்குத் தயாரான ஃபிரேசர் டவுன். அகன்ற சாலை, மனையின் எல்லையிலிருந்து ஒதுங்கி நிற்கும் வீடு, நாலு பக்கமும் ஜன்னல், கழிவகற்றும் ஆட்கள் வந்துபோக வீட்டுக்குப் பின்னே ஒரு சந்து என்ற அமைப்பு வழக்கமாயிற்று. 1905இல் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரமும் நகருக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஓய்வூதியக்காரர்களும் ரயில்வே, தந்தி, அரசு அலுவலர்களும் தனிவீடு கட்டத் தொடங்கியபோது, துரைமாரின் பங்களா அவர்கள் கைக்கு எட்டும் அளவுக்குச் சுருங்கியது. ஆகவே சிறு பங்களாவைப் பெரிய பங்களாவின் மலிவுப் பதிப்பு என்பது தவறு. சுகாதாரமான தனிவீட்டை நடுத்தர வர்க்கத்துக்கும் கொடுக்க நகரம் செய்த முதல் பெருமுயற்சியின் சான்று அது. 1947 வரை வேறு வேறு ஆட்சியில் இருந்து, 1949இல் ஒரே மாநகராட்சியாக இணைந்த இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வீடு எழுந்திருப்பது இதை உறுதிப்படுத்துகிறது.

கூரையைக் கொண்டு இவ்வீடுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, மங்களூர் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை வீடு. ஜன்னல்களுக்கும் போர்ட்டிகோவுக்கும் மேலே மரச்சட்டங்களாலான கூர்முக மறைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் விடும் இதை ‘மங்கி டாப்’ என்பார்கள். இரண்டாவது, மெட்ராஸ் டெரஸ் வீடு. மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட தட்டைக் கூரை இதன் அடையாளம். மூன்றாவது, 1930களில் சிமென்ட்டோடு வந்த, வளைந்த முகப்பும் படுக்கைக் கோடுகளும் கொண்ட ஆர்ட் டெகோ வீடு. நடுவே ஹால், இருபுறமும் அறைகள், பின்னால் சமையற்கட்டு என்ற உள்ளமைப்பு மூன்றுக்கும் பெரும்பாலும் பொது.

இவை ஆங்கிலக் கிராம வீட்டின் நகல்கள், இதில் நம் பாரம்பரியம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. முகப்பின் முக்கோணம் இங்கிலாந்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் ஓடு, 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிலின் வழிவந்தது. தட்டைக் கூரை மதராஸ் கொத்தர்களின் கைத்திறன். தாழ்வாரமோ இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது. வயது போதாது என்பது அடுத்த மறுப்பு. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் நூறு ஆண்டுப் பழமையைக் கேட்கிறது. அது நினைவுச்சின்னங்களுக்கான அளவுகோல். குடியிருப்புகளை அதனால் அளப்பது பொருந்தாது. பெரும்பாலும் 1930களில் எழுந்த மும்பையின் ஆர்ட் டெகோ கட்டடங்கள் 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் தனித்தனி வீடுகளாக அல்ல, ஒரு தொகுதியாகத்தான். வலுவான மறுப்பு உரிமையாளருடையது: கோடிக்கணக்கில் விலைபோகும் மனையில் ஓட்டு வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் செலவை அவர் ஏன் தனியே சுமக்க வேண்டும்? இதற்கு மதிப்பை மறுப்பது விடையாகாது. செலவைப் பகிர்வதே விடை. மும்பை 1995இல் வகுத்த பாரம்பரிய விதிகள் கட்டடங்களைத் தரம் பிரித்து, இழந்த கட்டட உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவும் வழிவிட்டன. சிறு பங்களாக்களுக்கு அதே வழியைத் தெரு வாரியாக வகுப்பது பொருந்தும்.

ஜேனட் பாட் 1977இல் வெளியிட்ட பழைய பெங்களூர் பங்களாக்கள் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை ஆவணம். அதன்பின் ஏராளமான வீடுகள் அடுக்குமாடிகளுக்குப் பலியாயின. எஞ்சியவற்றில் சில உணவகங்களாகவும் அலுவலகங்களாகவும் இயங்குகின்றன.